வேண்டும் நைட்ரஜனும் வேண்டா நைட்ரஜனும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலக்கடலை பூக்கும் பருவத்தில், ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வேரை உற்றுநோக்குங்கள். கடுகளவான முடிச்சுகள் பல காணப்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே செந்நிறம் தோன்றும். அதனுள் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி அம்மோனியாவாக மாற்றிச் செடிக்கு ஊட்டுகின்றன. ஆகவேதான் நெல்லுக்கு யூரியா மூட்டைகளை வாங்கிச் சுமக்கும் உழவர், கடலைக்கு அவ்வளவு வாங்குவதில்லை.

யூரியாவுக்கு அடிப்படையும் அம்மோனியாவே. சென்னைக்கு வடபாலுள்ள மணலியில் அதனைச் செய்யும் உரத் தொழிற்சாலை ஒன்று உண்டு. வேர்முடிச்சு ஓசையின்றிச் செய்யும் வேலைக்கு, ஆலையில் 400 டிகிரி அளவான வெப்பமும், வளிமண்டலத்தைப் போல் 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன.

அதே மணலியில் 1969 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலோ நைட்ரஜன் வேண்டாத விருந்தாளி! கச்சா எண்ணெயில் அது மிகச் சிறிதளவே உளது. பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அது விளைக்கும் கேடு பெரிது. எண்ணெயைப் பிளக்க உதவும் வினையூக்கிகளை அது செயலிழக்கச் செய்கிறது. எரியும்போது நச்சுப் புகையாகிக் காற்றைக் கெடுக்கிறது. எனவே மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தி, நைட்ரஜனை அம்மோனியாவாக்கி வெளியேற்றுகின்றனர். அதற்கு ஆகும் செலவு சிறிதன்று.

நைட்ரஜனைச் சேர்க்கப் பாக்டீரியம் இருப்பதுபோல், நீக்கவும் ஒன்று கிடைக்காதா என்று அறிஞர் தேடினர். எண்ணெயிலுள்ள கார்பசோல் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். இதன் மூலக்கூறில் 12 கார்பன் அணுக்களுக்கிடையே ஒரே ஒரு நைட்ரஜன் அணு சிக்கிக் கிடக்கிறது. இதனை உண்ணும் சூடோமோனாஸ் இனப் பாக்டீரியங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் அவை நைட்ரஜனோடு கார்பனையும் சேர்த்து உண்டுவிடுகின்றன. எரிபொருளின் ஆற்றல் கார்பனில் அன்றோ இருக்கிறது? களை பறிக்க வந்தவன் பயிரையும் மேய்ந்துவிட்டால் உழவன் என் செய்வான்!

நைட்ரஜன் அணுவை இருபுறமும் கார்பனோடு பிணைத்திருக்கும் இரண்டு பிணைப்புகளை மட்டும் வெட்டி, கார்பன் கூட்டை அப்படியே விட்டுவிடும் பாக்டீரியமே தேவை. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஆய்வு நிலையம் ஒன்றில் ஜான் கில்பேன் என்பாரும் உடன் உழைத்தோரும் இதற்கு முயன்றனர். முதற் பிணைப்பை வெட்டும் நொதிக்குரிய மரபணுக்களையும், இரண்டாவதை வெட்டும் நொதிக்குரியவற்றையும் வெவ்வேறு பாக்டீரியங்களிலிருந்து எடுத்து, ஒரே உயிரினுள் இணைக்க முற்பட்டனர்.

இன்னும் ஓர் இடர்ப்பாடு உளது. பாக்டீரியம் வாழ்வது நீரில். கார்பசோல் கரைந்திருப்பது எண்ணெயில். இரண்டையும் கலக்க வேண்டும். வேலை முடிந்தபின் மீண்டும் பிரிக்க வேண்டும். நாள்தோறும் பல்லாயிரம் டன் எண்ணெய் பாயும் ஆலையில், பாக்டீரியத்தின் மெல்லிய நடைக்காகக் காத்திருத்தலும் இயலாது. ஆதலால் இம்முறை ஆய்வுக்கூடக் குடுவையிலேயே நிற்கின்றது. ஆலைகளில் நைட்ரஜனை நீக்குவது இன்றும் ஹைட்ரஜனும் வெப்பமுமே.