மறந்துட்டியா என்று கேட்காதீர்கள்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றால் எதிரே நீண்டு கிடப்பது வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ காயலை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு. அதன் தென்பகுதியில் கடற்படைத் தளம். ஐ.என்.எஸ். தரங்கிணி என்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் 2018 ஏப்ரலில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கிளம்பி, அக்டோபர் இறுதியில்தான் திரும்பியது. 2008 முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் ரோந்துக்கும் நம் கப்பல்கள் முறைவைத்துப் போய்வருகின்றன.

அப்படிக் கடலுக்குப் போகும் ஒருவரின் வீட்டில், கப்பல் கிளம்பும்போது ஐந்து மாதமாக இருந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அன்று யார் கை நீட்டினாலும் தாவியது. ஏழு மாதம் கழித்து அப்பா வரும்போது நடை பழகுகிறது; கூடவே நம் பாட்டிகள் சொல்லும் 'வேத்துமுகம்' வந்திருக்கிறது. எட்டு, ஒன்பது மாத வாக்கில் தெரியாத முகத்தைக் கண்டால் குழந்தை மிரளத் தொடங்குகிறது. ஆசையாய்த் தூக்கியவரின் கையில் அது வீறிட்டு அழுவது மூளை சரியாக வளர்வதன் அடையாளம். அந்த நிமிடத்தில் ஒரு தகப்பனுக்கு இது ஆறுதலாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்படியானால் பழைய உறவு அடியோடு அழிந்துவிட்டதா? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோவி-கோலியர் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் இந்த இடத்தில் உதவுகின்றன. தொட்டிலுக்கு மேல் பொம்மைச் சரம் தொங்கும். குழந்தையின் கணுக்காலையும் சரத்தையும் ஒரு ரிப்பன் இணைக்கும். உதைத்தால் பொம்மை ஆடும் என்று குழந்தை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். மூன்று மாதக் குழந்தைக்கு இந்தப் பாடம் ஏறக்குறைய ஒரு வாரம் நினைவிருந்தது; ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம். சற்றே பெரிய குழந்தைகளுக்குப் பொம்மை ரயிலை ஓட்டும் சோதனை. ஒன்றரை வயதில் நினைவு சுமார் 13 வாரம் நின்றது. இன்னொன்றையும் அவர் கண்டார். மூன்று மாதக் குழந்தை மறந்துபோன பிறகு, சோதனைக்கு முந்தின நாள் பொம்மை ஆடுவதைச் சில நிமிடம் காட்டினாலே போதும், மறுநாள் கால் தானாக உதைத்தது. போனதாக நினைத்த நினைவு உள்ளேயே இருந்திருக்கிறது.

பொம்மையும் தகப்பனும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் வீட்டில் தினமும் அப்பாவின் படத்தைக் காட்டுவதும், அவர் பதிந்து கொடுத்துவிட்டுப் போன கதையைத் தூங்கும் நேரத்தில் போடுவதும் வீண்வேலை ஆகாது என்று நம்ப இது போதுமான காரணம். நடுக்கடலில் எல்லா நாளும் வீடியோ அழைப்புக் கிடைக்காது. பதிந்த குரல் கைவசம் இருக்கும்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையின் கதை வேறு. அதற்கு அப்பாவைத் தெரியும். தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் தாயைப் பிரிந்த சிறு பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி ராபர்ட்சன் 1952இல் ஒரு படமே எடுத்தார். முதலில் அழுது போராட்டம், பிறகு சோர்வு, கடைசியில் ஒட்டாமை என்று மூன்று கட்டங்களை அவர்கள் விவரித்தார்கள். பிரிவு நீண்டால், திரும்பி வந்த தாயையே யாரோ போலப் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஒட்டு இருந்ததால்தான் இந்த ஒட்டாமை. வலித்த இடத்தைப் பிள்ளை பொத்திக்கொள்கிறது.

வீடும் மாறியிருக்கும். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்களை அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ந்த ரூபன் ஹில், 1949இல் வெளியிட்ட நூலில் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொன்னார். அப்பா இல்லாமலே முழுசாக ஓடப் பழகிய வீடு பிரிவை நன்றாகத் தாங்குகிறது. அவர் திரும்பும்போது அவரை உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் திணறுகிறது. அதனால் பள்ளிக்குக் கிளப்புவது, படிக்க உட்கார்த்துவது, அதட்டுவது எல்லாம் கொஞ்ச நாள் அம்மா கையிலேயே இருக்கட்டும். வந்த மறுநாளே சட்டம் போடும் அப்பாவிடம் பத்து வயதுப் பிள்ளை முறைத்துக்கொண்டால் பிழை பிள்ளையுடையது ஆகாது.

கைக்குழந்தையிடம் செய்ய வேண்டியது எளிது, செய்வதுதான் கடினம். அம்மா பக்கத்திலிருக்க, தரையில் உட்காருங்கள். கை நீட்டாதீர்கள். ஒரு கிண்ணத்தையோ பந்தையோ உருட்டிக்கொண்டிருங்கள். குழந்தை தூரத்திலிருந்து பார்க்கும், அம்மாவின் முகத்தைப் பார்க்கும், மறுபடி உங்களைப் பார்க்கும். அம்மா உங்களோடு சிரித்துப் பேசுவதிலிருந்துதான் நீங்கள் யார் என்பதை அது படித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா என்றாலும், அச்சன் என்றாலும், வாப்பா என்றாலும், "போ, போய் ஒரு முத்தம் கொடு" என்று பிள்ளையை முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். "அப்பாவையே மறந்துட்டியா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். கடலில் மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு இன்னும் சில நாள் காத்திருக்கத் தெரியும். நீங்கள் அவரை அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.