கீழ்காய்நெல்லியும் செங்கமாரியும்

செங்கமாரி என்னும் பெயர் ஒன்று. அப்பெயரால் வழங்கும் நோய்களோ பல. கண்ணும் தோலும் சிறுநீரும் மஞ்சணிறமுறுதல் நோயன்று, நோய்க்குறியேயாம். அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஈரலழற்சி ஏ, குருதிவழியாகவும் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும் ஈரலழற்சி பி, எலிக்காய்ச்சல், பித்தக்கல் என்பன யாவும் இக்குறியைக் காட்டுதல் கூடும். இவற்றை வேறுபடுத்தாது, செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி எனப் பொதுப்பட உரைப்பது நம்மவர் வழக்கு. மாரிகாலத்தில் வேலியோரத்தே தானே முளைக்கும் அச்சிறு செடியை வேரொடு பிடுங்கி, அரைத்து, மோரிற் கலந்து வெறுவயிற்றிற் கொடுத்தல் நம் குடாநாட்டில் வழிவழி வந்த வைத்தியம்.

இச்செடி மேனாட்டு ஆய்வுகூடம் புகுந்த வரலாறு மாணவர் அறியத்தக்கது. பாருக் புளூம்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியிற் புதியதொரு புரதத்தைக் கண்டு 1965 இல் வெளியிட்டார். அது ஈரலழற்சி பி வைரசின் மேற்போர்வை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976 இல் நோபெற் பரிசு பெற்ற அப்பெரியார், தமிழர் கைமருந்தை இகழ்ந்தாரல்லர். அவரும் வெங்கடேசுவரன் முதலானோரும் கூடி ஆராய்ந்து, செடியின் சாறு ஆய்வுகூடத்தில் வைரசின் பெருக்கத்தைத் தடுத்தலை 1987 இல் எடுத்துக்காட்டினர்.

அடுத்த ஆண்டு, தியாகராசன் முதலானோர் சென்னையில் நிகழ்த்திய சோதனை லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. வைரசை உடலிற் சுமந்திருந்தோர்க்கு முப்பது நாள் செடிப்பொடி கொடுக்கப்பட்டது; ஒப்புநோக்கும்பொருட்டு வேறு சிலர்க்கு மருந்தற்ற போலிப்பொடி கொடுக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேருள் 22 பேரது குருதியில் அப்போர்வைப் புரதம் காணப்படாதொழிந்தது. போலிப்பொடி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே அவ்வாறாயிற்று. நூற்றுக்கு 59 எங்கே, 4 எங்கே! பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைப் பெற்ற மண்ணினர் இதனைக் கேட்டுப் பெருமிதங்கொள்ளுதல் இயல்பன்றோ? யானும் கொண்டேன்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 1990 இல் தாய்லாந்தில் அதே செடியைக் கொண்டு நிகழ்த்திய சோதனை பயனளிக்கவில்லை. அச்செய்தியும் அதே லான்செற்றில் வந்தது. 2011 இல் உலகின் பல சோதனைகளை ஒருங்குவைத்து ஆராய்ந்த கொக்ரேன் குழுவினரும், இச்செடி ஈரலழற்சி பியைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை என்றே முடித்தனர். சென்னைச் சோதனையைச் செய்தோர் அதனை முதனிலை ஆய்வு என்றே கூறியிருந்தனர் என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். ஆரவாரஞ் செய்தோர் ஏனையோரே. அவர்களிற் பலர் 1988 ஐ இன்றும் எடுத்தோதுவர். 1990 ஐ வாய்திறந்து சொல்லார்.

அங்ஙனமாயின் ஊரிலே பலர் குணமடைந்தது எவ்வாறு? ஈரலழற்சி ஏ பெரும்பாலும் தானே மாறுவது. ஈரலழற்சி பியுங்கூட, வளர்ந்தோரைப் புதிதாகப் பற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் வரையில் மருந்தின்றியே நீங்கும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளின் நிலையோ நேர்மாறு. பத்தில் ஒன்பது குழந்தைகளிடத்து அது நிலைபெற்றுப் பல்லாண்டு கழித்து ஈரலைச் சுருக்கும், புற்றுநோயும் விளைக்கும். 2022 இல் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் அதனைச் சுமந்திருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

வைரசுக்கு மருந்து காண்டல் ஏன் இத்துணை அரிது? பற்றீரியா தனக்கென உடலும் தொழிலும் உடையது. அதனைத் தனியே தாக்கலாம். வைரசோ நம் உயிரணுவினுட் புகுந்து, அதன் கருவிகளைக்கொண்டே தன்னைப் பிரதிசெய்வது. வீட்டைக் கெடாது உள்ளிருப்பவனை மட்டும் வெளியேற்றல் வேண்டும். இக்காலத்து மருந்துகளாகிய லமிவுடீன், தெனோபொவிர் என்பன செய்யும் சூழ்ச்சியை இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். நிலம் என்பது நிலன் என நிற்கும்; எழுத்து மாறினும் பொருள் மாறாது; அதனைப் போலி என்கின்றோம். இம்மருந்துகளும் வைரசின் மரபுநூலில் ஓரெழுத்தின் இடத்தே போலியாய் அமர்வன. ஆனால் அமர்ந்தபின் அடுத்த எழுத்துச் சேரவொட்டா. பிரதி பாதியில் நின்றுவிடும். எனினும் மூல ஏடு அணுக்கருவினுள் ஒளிந்திருத்தலின், நோய் அடங்குமேயன்றி அற்றொழிதல் அரிது. பலர் ஆண்டுக்கணக்கில் மருந்துண்ண வேண்டியவராவர். இடையே தாமாக நிறுத்திப் பச்சிலையை நாடினால் நோய் மீண்டு மூண்டெழுந்து ஈரலையே அழித்தலும் உண்டு.

பொதுப்பெயரால் வருங் கேடு இதனினும் விரைந்ததாதலும் கூடும். 2024 டிசம்பரில் நம் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். அது பற்றீரியா நோய். தொடக்கத்திலேயே உரிய மருந்து கொடுத்தால் மாறுவது. காய்ச்சலொடு கண் மஞ்சளித்தவனுக்கு மூன்று நாள் மோர்மருந்து பார்ப்போம் எனக் காத்திருத்தலில் அம்மூன்று நாளே உயிர்நாளாகிவிடும். ஈரலழற்சி பிக்குத் தடுப்பூசி இலங்கைக் குழந்தைகட்கு 2003 முதல் ஏற்றப்படுகின்றது. அதன் முன் பிறந்தோர் குருதியைச் சோதித்தறிதல் நன்று.

செடியைக் கைவிடுக என யான் சொல்லவில்லை. கைதடியிற் சித்த மருத்துவம் பயில்வோர் அதனை ஆராய்க. ஆனால் எச்செடியை? 1987 இல் ஒரு தாவரப்பெயரால் எழுதியோர், 1988 இல் அதனை வேறொரு பெயரால் எழுத நேர்ந்தது. ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் நம்மிடத்தும் ஒரு பெயரால் வழங்குகின்றன. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்காது பாடங்கொள்ளலாகாது என்பது சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையவர்கள் பதிப்பித்த காலந்தொட்டு நாம் அறிந்தது. காம்போடு தொங்கும் வழவழப்பான காயுடையது ஒன்று. காம்பின்றி இலையடியிற் சொரசொரப்பான காய் ஒட்டியிருக்க, தண்டிற் செம்மை படர்ந்தது மற்றொன்று. அடுத்த மாரியில் மாணவர் தத்தம் வேலியோரத்திற் பிடுங்கி அருகருகே வைத்துப் பார்க்கலாம்.