கம்ப்ரசர் போர்: வால்வுத் தகட்டைக் கவனியுங்கள்

திருப்பூருக்கு மேற்கே நொய்யலை ஒட்டியுள்ள மங்கலம் வட்டாரத்தில், தோட்டங்களில் விசைத்தறிச் சத்தத்தோடு கம்ப்ரசர் ஓடும் சத்தமும் கலந்து கேட்கும். பூமிக்கடியில் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் கசியும் சிறு ஊற்றே ஆழ்குழாய்க் கிணற்றின் ஆதாரம். ஊற்று குறைவான போரில் நீர்மூழ்கி மோட்டார் அடிக்கடி வறண்டு ஓடிக் காயில் கருகிவிடுவதால், உழவர்கள் பலர் கம்ப்ரசரை நாடியுள்ளனர்.

காற்றைக் கொண்டு நீரேற்றும் இம்முறையை ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் லோஷர் 1797-இல் கண்டறிந்தார். போருக்குள் இறங்கும் நீர்க் குழாயின் அடியில் காற்றைச் செலுத்தினால், குமிழிகள் கலந்த நீர் எடை குறைகிறது. வெளியிலுள்ள கனமான நீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே மணல் கலந்த நீரானாலும், போர் சற்றுக் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. சாயக் கழிவால் உப்பேறிய நொய்யல் கரை நீருக்கும் இது ஒரு வசதியே. அரிப்பது குழாயை மட்டும்தான்.

காற்று நுழையும் இடம் நீருக்குள் போதிய ஆழத்தில் இருக்க வேண்டும். 300 அடியில் காற்று நுழைகிறது, ஓடும்போது நீர்மட்டம் 150 அடியில் நிற்கிறது என்றால் பாதிக் குழாய் நீரில் மூழ்கியிருக்கிறது. இது நல்ல அளவு. மூழ்கிய பங்கு 40 சதத்துக்கும் கீழே போனால் காற்றுதான் அதிகம் வரும், நீர் வராது.

இதைத் தெரிந்துகொள்ள மேலே உள்ள அழுத்தமானியே போதும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது ஏறக்குறைய 33 அடி நீருக்குச் சமம். முள் 4.5-இல் நின்றால் காற்று நுழையும் இடத்துக்கு மேலே சுமார் 150 அடி நீர் இருக்கிறது என்று கொள்ளலாம். குழாய் உராய்வால் உண்மை அளவு சற்றுக் குறையும். தொடங்கும்போது முள் உயர்ந்து, பிறகு இறங்கி நிற்பது இயல்பு. நாளுக்கு நாள் நிற்கும் இடம் இறங்கிக்கொண்டே வந்தால் ஊற்று குறைகிறது என்று பொருள். முள் ஏறியபடியே இருந்து நீர் வராவிட்டால் அடித்துளைகளில் வண்டல் அடைத்திருக்கும். முள்ளே ஏறவில்லையென்றால் வால்வைப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சும் வால்வு திறக்கிறது. மேலே ஏறும்போது அது மூடிக்கொள்ள, வெளியேற்றும் வால்வு திறக்கிறது. மெல்லிய எஃகுத் தகடுகளே இந்த வேலையைச் செய்கின்றன. வெளியேற்றும் தகடு சரியாக அமராவிட்டால், சூடேறிய காற்று மீண்டும் சிலிண்டருக்குள் திரும்பி மறுபடியும் அழுத்தப்படுகிறது. சூடு மேலும் ஏறுகிறது. எண்ணெய் கருகிக் கரியாகத் தகட்டில் படிகிறது. கரி படிந்த தகடு இன்னும் மோசமாக ஒழுகுகிறது. ஹெட் தொட முடியாதபடி கொதிப்பதும் நீர் குறைவதும் இதன் அறிகுறிகள். பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். கம்ப்ரசருக்கென்று விற்கும் எண்ணெயே ஏற்றது.

வால்வைப் பிரிப்பதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பியூசைக் கையில் எடுத்துக்கொள்ளவும். குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றவும். தகடு அமரும் பரப்பைச் சமமான கண்ணாடி மீது கிரைண்டிங் பேஸ்ட் தடவி மெல்லத் தேய்த்தால் சிறு கீறல்கள் போய்விடும். பேஸ்ட்டைத் துளியும் மிச்சமின்றிக் கழுவ வேண்டும். பிறகு வால்வைப் பூட்டி, அதன் மேல் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். மறுபுறம் கசியாவிட்டால் பழுதில்லை. சோதித்த பின் மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்து உலரவிட்டே மாட்ட வேண்டும். அதன் ஆவி சிலிண்டரின் அழுத்தத்திலும் சூட்டிலும் தீப்பிடிக்கக்கூடும்.

லேத் பட்டறைகள் நிறைந்த பகுதி ஆதலால், தகடு உடைந்தால் கிடைத்த தகரத்தை வெட்டிப் போடும் வழக்கம் உண்டு. கைவேலைத் திறமை பாராட்டத்தக்கதே. ஆனால் வால்வுத் தகடு பதப்படுத்திய வில் எஃகால் ஆனது. நிமிடத்துக்குப் பல நூறு தடவை அது வளைந்து நிமிர்கிறது. வெட்டிய விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தால் அங்கிருந்தே விரிசல் ஓடும். உடைந்த துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் ரிங்கும் போயின. தகட்டில் மிச்சம் பிடித்த காசு, சிலிண்டர் கடையும் கூலிக்குப் போதாது.

இதைவிட ஆபத்தானது, பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது என்று அதைக் கழற்றிவிட்டுப் போல்ட்டால் அடைத்துவிடுவது. அடித்துளைகள் அடைத்துக்கொண்ட நாளில் அழுத்தம் போக வேறு வழி இருக்காது. ஹெட்டுக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் நடுவே எந்த அடைப்பானும் வைக்கலாகாது.

காற்றுக்கு பி.வி.சி. குழாயைப் பயன்படுத்துவதும் கூடாது. நீர் நிறைந்த குழாய் வெடித்தால் நீர் சிந்துவதோடு சரி. அழுத்திய காற்று விரிந்து பாயும், பி.வி.சி. சில்லுசில்லாகச் சிதறிக் கண்ணைப் பறிக்கும். ஹெட்டிலிருந்து முதல் சில அடிகளுக்கு இரும்புக் குழாயும், காற்றின் சூடு தணிந்த பிறகு, கம்ப்ரசரின் அழுத்தத்தைத் தாங்கும் தரமுள்ள கறுப்பு எச்.டி.பி.இ. குழாயும் போடுவது நலம். பெல்ட்டுக்கு வலை மூடி அவசியம். வேட்டி முனையும் சேலை முந்தானையும் சிக்க ஒரு நொடி போதும்.

கம்ப்ரசருக்கு மின்சாரம் அதிகம் செலவாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இலவச மின்சாரத்தால் அது கண்ணில் படுவதில்லை. ஊற்று நன்றாக உள்ள போருக்கு நீர்மூழ்கி மோட்டாரே சிக்கனம். கம்ப்ரசர் நீர் விட்டுவிட்டு வருவதால் சொட்டுநீர்க் குழாயில் நேரே இணைக்க முடியாது. முதலில் தொட்டியில் விட்டு, மண்ணும் காற்றும் பிரிந்த பின், சிறு மோட்டார் வைத்துத் தென்னைக்குப் பாய்ச்சலாம். தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தை மாதம் ஒருமுறை குறித்து வைத்தால், ஊற்று குறைகிறதா, வால்வு தேய்கிறதா என்பதை அழுத்தமானியோடு ஒப்பிட்டு அறியலாம். முள் அதே இடத்தில் நிற்கத் தொட்டி மட்டும் தாமதமாக நிரம்பினால், போரைக் குறை சொல்லாமல் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவும்.