ஆவாரையும் பால்சுறாவும்

திருவாலங்காடு என்னும் பெயரிலேயே ஆலமரம் நிற்கிறது. ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஆலமரத்தை அன்று. அவ்வூர் போன்ற உள்நாட்டு வறள்நிலங்களில், எவரும் விதையாமலே வளர்ந்து பொன்னிறமாகப் பூக்கும் ஆவாரையை. அதனோடு ஒப்பிடுவதற்கு, அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லையாகிய வங்கக் கடலிலிருந்து பால்சுறாவை அழைத்து வருகிறேன்.

செடிக்கும் சுறாவுக்கும் என்ன உறவு என்று மாணவ நண்பர்கள் நகைக்கலாம். ஆவாரையின் இளங்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். ஒவ்வொரு விதையும் மெல்லிய காம்பொன்றால் காயின் சுவரோடு இணைந்திருக்கும். தாய்ச்செடி ஊட்டும் உணவு அதன் வழியே விதையை அடைகிறது. மீன்களிற் பெரும்பாலானவை முட்டையிடுவன. பால்சுறாவோ குட்டி ஈனுவது. அக்குட்டிகள் தாய் வயிற்றில், நம்மைப் போலவே, கொப்பூழ்க்கொடியால் உணவு பெறுகின்றன. காய்க்குள் விதைக்கு ஒரு காம்பு. கருப்பைக்குள் குட்டிக்கு ஒரு கொடி!

நம் முன்னோர் இவ்விரண்டு இனங்களையும் நன்கு அறிந்திருந்தனர். காதல் கைகூடாத தலைவன் ஆவிரைப் பூச் சூடி மடலேறுவதைச் சங்கப் பாடல்கள் கூறும். பரதவர் சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறும்.

இனி, வேற்றுமையைக் காண்போம். ஆவாரையின் ஒரு காயில் பத்துக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. ஒரு செடியிலோ காய்கள் பற்பல. தோல் பதனிடுவதற்காக அதன் பட்டையை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் தளிர்த்துவிடும். பால்சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஈனுவது 1 முதல் 8 குட்டிகளே. சினைச்சுறா ஒன்று வலையிற் பட்டால், தாயோடு அவ்வாண்டின் குட்டிகளும் போயின. கட்டையிலிருந்து தளிர்க்கும் வரம் அதற்கு இல்லை.

இந்திய அரசு 2015ஆம் ஆண்டில் சுறாத் துடுப்பின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆனால், பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு ஆக்கிக் கொடுப்பதற்காக நாம் விரும்பி வாங்கும் பால்சுறாவை அத்தடை காப்பதில்லை. துடுப்புக்காக அன்று, இறைச்சிக்காகவே அது விலை போகிறது.

இயற்கை தருவது யாவும் ஒரே வேகத்தில் மீளும் என்று எண்ணுவது பிழை. பறித்த பூ அடுத்த பருவத்தில் வரும். பிடித்த சுறாவின் இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகலாம். எடுக்கும் அளவை நம் தேவையைக் கொண்டு மட்டும் வகுக்கலாகாது. அவ்வுயிர் பெருகும் வேகத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். உயிர்நூல் கற்போர் முதலில் கற்க வேண்டிய கணக்கு இதுவே.