கைக்குப் பழகிய வேலை

கிள்ளானில் வாழும் ஒரு பாட்டியை எண்ணிப் பார்ப்போம். பக்கவாதத்தால் அவரது வலக்கை தளர்ந்துவிட்டது. சிறு மரக்குச்சிகளை எடுத்துத் துளைகளில் செருகும் பயிற்சி அவருக்குத் தரப்படுகிறது. அதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கோலமாவைக் கொடுத்தாலோ, தளர்ந்த விரல்கள் மெல்லக் குவிய முயல்கின்றன. இரண்டும் விரல்களுக்கான பயிற்சிகளே. ஆனால், இரண்டாவது பயிற்சி பாட்டியின் வாழ்க்கையிலிருந்து வந்தது.

மலேசிய மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ எனப்படும் பிரிவின் பணி இதுவே. தமிழில் இதனைத் தொழில்வழிச் சிகிச்சை என்பர். இங்குத் ‘தொழில்’ என்பது சம்பள வேலையை மட்டும் குறிப்பதன்று. உண்ணுதல், உடுத்துதல், சமைத்தல், விளையாடுதல் என அன்றாடம் செய்யும் அனைத்தும் தொழில்களே. நோயாலோ விபத்தாலோ இழந்த இச்செயல்களை மீட்டுத் தருவதே சிகிச்சையாளரின் நோக்கம்.

அன்றாடச் செயல்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1965இல் அமெரிக்காவில் வெளியான பார்தெல் குறியீடு, 10 செயல்களைக் கொண்டு ஒருவரின் தற்சார்பை அளவிடுகிறது. உணவைத் தாமே வெட்டி, ரொட்டியில் வெண்ணெய் தடவ முடிகிறதா என்பதும் அதன் வழக்கமான வடிவத்தில் பார்க்கப்படுகிறது. பாயில் அமர்ந்து கையால் உண்பவரை இக்கேள்வி எப்படி அளவிடும்? கேள்வி பொருந்தாதபோது நோயாளி மௌனமாகிவிடக்கூடும். “இவர் ஒத்துழைக்கவில்லை” என்ற தவறான குறிப்பும் எழுதப்பட்டுவிடலாம். அவர் மீண்டும் சிகிச்சைக்கு வராமல் போனால், குணமாகக்கூடிய கை குணமாகாமலேயே போய்விடும்.

பூர்வக்குடி மக்களுக்குச் சிகிச்சையளிப்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நெகிரித்தோ, செனோய், மலாய் புரோட்டோ என்னும் 3 பெரும் பிரிவுகளில் 18 உட்பிரிவினர் வாழ்கின்றனர். அவர்களுக்காக 1950களில் கோம்பாக்கில் தனி மருத்துவமனை உருவானது. அங்கு நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்குவதற்கு இடமளிக்கப்பட்டது. பூர்வக்குடியினரே மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றனர். காட்டை விட்டு வந்தவரைத் தனிமையில் படுக்க வைத்தால், நோயைவிட அச்சமே அவரை முதலில் விரட்டிவிடும் என்பதை அந்த ஏற்பாடு உணர்ந்திருந்தது.

கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி மக்கள் வாழ்கின்றனர். மரச் சிற்பங்களுக்குப் புகழ்பெற்ற இவர்களின் பெண்கள் தாழை ஓலையில் பாயும் கூடையும் முடைவர். ஓலையின் முள்ளை நீக்கி, கீறி, உலர்த்தி, சாயமேற்றிப் பின்னும்போது இரு கைகளும் இணைந்து இயங்குகின்றன; கண்ணும் நினைவும் பயிற்சி பெறுகின்றன. கை தளர்ந்த ஒரு முடைவாருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக் கருவி வேறென்ன வேண்டும்? எனினும், எது கைவேலை, எது முன்னோர் வழிபாட்டைச் சார்ந்தது என்பதை அம்மக்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

அதே வேளையில், பூர்வக்குடியினர் அனைவரும் ஓலை முடைபவர்கள் என்று கருதுவதும் பிழையே. கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒரு பூர்வக்குடி இளைஞர், மீண்டும் மோட்டார் சைக்கிள் ஓட்டவே விரும்பலாம். ஆகவே, பண்பாட்டைப் பட்டியலிட்டு மனனம் செய்வது போதாது. நியூசிலாந்தின் மாவோரி தாதியான இரிஹாபெட்டி ராம்ஸ்டன், 1980களின் இறுதியிலிருந்து ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்னும் கருத்தை வளர்த்தார். தரப்பட்ட பராமரிப்பு பாதுகாப்பானதா என்பதைத் தருபவர் அல்லர், பெறுபவரே முடிவுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல சிகிச்சையாளர், “உங்களால் எது முடியவில்லை?” என்று மட்டும் கேட்பதில்லை. “வீடு திரும்பியதும் முதலில் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?” என்றும் கேட்கிறார். பாட்டியின் விடை கோலமாக இருக்கலாம்; மா மெரி பெண்ணின் விடை பாயாக இருக்கலாம். அந்த விடையிலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது.