கொச்சி யூதரும் 'கடைசி' என்னும் சொல்லும்

குறைந்து வரும் ஓர் இனத்தாரைப் பற்றி நூல் எழுதுவது எளிய செயலன்று. எழுதுகிறவர் தம்மை அறியாமலே அவர்களுக்கு இரங்கற்பா பாடத் தொடங்கிவிடுகிறார். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கொச்சி யூதரைப் பற்றி வெளிவந்த நூல்களும், அவற்றைக் கற்றோர் எடைபோட்ட விதமும் இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேட்டில் சிறப்புரிமைகள் வழங்கினான். 1568-இல் மட்டாஞ்சேரி அரண்மனையின் அருகே 'பரதேசி' செபக்கூடம் எழுந்தது. பிற்காலத்தில் வந்து குடியேறிய வெள்ளை நிறத்தாரின் கூடம் அது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கேரள யூதர் ஏறத்தாழ 2,400 பேர், செபக்கூடங்கள் எட்டு. பரதேசியரோ நூறு பேர் அளவினரே. ஏனையோர் 'கறுப்பு யூதர்' என்று அழைக்கப்பட்ட மலபார் யூதர். இவர்களுள் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரயேல் நாடு சென்று குடியேறினர்.

1993-இல் நேத்தன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் இருவரும் 'கொச்சியின் கடைசி யூதர்' என்ற பொருளுடைய ஆங்கில நூலை வெளியிட்டனர். மட்டாஞ்சேரியிலேயே தங்கி எழுதிய நூல் அது. பாஸ்காத் திருவிழாவுக்காக யூதர் வீட்டைத் துப்புரவு செய்யும் கண்டிப்பில், சுற்றியிருந்த இந்துக்களின் தூய்மை ஒழுக்கத்தின் சாயல் உண்டு என்று அது நுட்பமாக எடுத்துக்காட்டியது. இந்த ஆழத்தைக் கற்றோர் போற்றினர். ஆயினும் ஒரு வினா எழுந்தது. நூறு பேரின் வாழ்வை விரித்துரைத்துவிட்டு, இரண்டாயிரம் பேரின் வாழ்வை அதன் நிழலில் நிறுத்தலாமா? பரதேசியரைப் பற்றியே மிகுதியாக எழுதப்பட்டு வந்ததைப் பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினர்.

அந்த ஜான்சனின் துணையோடு ரூபி டேனியல் என்ற கொச்சி யூதப் பெண்மணி தம் நினைவுகளை 1995-இல் நூலாக்கினார். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் அவருடையது. அத்தகையோர் செபக்கூடத்தின் உள்ளே அமரவும் தடை இருந்தது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகம் செய்து அத்தடையைத் தளர்த்தினார். வெளியார் ஆராய்ந்து எழுதியதை ரூபி உள்ளிருந்து உரைத்தார்; ஆதலால் அவரது நூல் தனி மதிப்புப் பெற்றது.

2008-இல் எட்னா பெர்னாண்டஸ் எழுதிய நூல், கறுப்பர் வெள்ளையர் என்ற பழைய பிணக்கைப் பொது வாசகர் அறியச் செய்தது. அதன் தலைப்பிலும் 'கடைசி' என்ற சொல்லே அமைந்தது. கொச்சித் தெருவில் நின்று பார்த்தால் அது மெய்யே. ஆனால் இஸ்ரயேலின் நெவாத்திம் போன்ற ஊர்களில் இவர்களின் மக்களும் பேரரும் வாழ்கின்றனரே! யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மலையாளப் பாடல்களைப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஒபிரா கம்லியேலும் 'கார்குழலி' என்ற பெயரில் 2005-இல் எருசலேமில் பதிப்பித்தனர். பாட்டு உள்ளவரைக் 'கடைசி' என்று யார் சொல்லுவது?

கத்தோலிக்கராகிய நாம் இந்நூல்களைப் படிக்கையில் ஒரு பக்கத்தை விரைந்து புரட்டிவிடலாகாது. 1662-இல் பரதேசி செபக்கூடத்தைச் சூறையாடியவர்கள் நம் மறையைச் சார்ந்த போர்த்துக்கீசியரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் யூதர்மீது காட்டப்படும் பகைமை அனைத்தையும் கண்டித்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986-இல் உரோமைச் செபக்கூடத்திற்குச் சென்று, அவர்களை மூத்த சகோதரர் என்று குறித்தார்.

மூத்த சகோதரரைப் பற்றிய நூல் கைக்கு வரும்போது, அதன் நடையழகை மட்டும் பார்த்தல் போதாது. யாருடைய குரல் இதில் ஒலிக்கிறது, யாருடைய குரல் விடுபட்டது என்றும் கேட்போம். நம் பங்கின் வரலாற்றை எழுதும் நாளிலும் இக்கேள்வியை மறவாதிருப்போமாக. கோவிலுக்கு முன்வரிசை உண்டு. கடைசி வரிசையும் உண்டு. இரண்டும் சேர்ந்ததே இறைமக்கள் சமூகம் அன்றோ!