இருபது பெட்டி, பத்து ஜோடி

"கூண்டு பத்துக்கு ஆறுங்ணா, உயரம் ஏழடி. எத்தனை ஜோடி போடலாங்ணா?"

திருப்பூர் காதர்பேட்டையில் சர்ப்ளஸ் பனியன் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடக்கூடிய இந்தக் கடைவீதியில் தரையில் ஒரு முழம்கூடச் சும்மா கிடக்காது. புறா ஆசை பிடித்தவர்களுக்கு மொட்டை மாடிதான் கதி. தம்பியும் தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தார். பத்தடிச் சுவரில் இரண்டடிக்கு ஒரு பெட்டி, வரிசைக்கு ஐந்து, நான்கு வரிசைக்கு இருபது. ஆக இருபது ஜோடி என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். "பத்துக்கு மேல் வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது.

அவர் கணக்கில் இருந்தவை இன்றைக்கு வாங்கப்போகும் புறாக்கள் மட்டும். ஜோடி சேர்ந்த பிறகு கூண்டில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தால்தான் இடத்தின் அளவு புரியும்.

பெட்டை ஒரு முட்டையிட்டு, ஒரு நாள் விட்டு அடுத்ததை இடும். பதினெட்டு நாள் அடை. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து உட்காரும். மாலையில் பெட்டை மாற்றிவிட்டு இரவு முழுக்கக் காக்கும். ஷிப்ட் மாறும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பொரிந்த குஞ்சு கண் திறக்காமல், மஞ்சள் மயிர் ஒட்டிய சதைத் துண்டு போலக் கிடக்கும். தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பாலைக் கக்கி ஊட்ட, இரண்டே நாளில் எடை இரட்டிப்பாகிவிடும். நான்கு வாரத்தில் ஏறக்குறைய தாயளவு. அதற்குள்ளாகவே, குஞ்சுக்கு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், பெட்டை அடுத்த முட்டைக்கு இடம் தேட ஆரம்பித்துவிடும். அதனால்தான் பெட்டி இரண்டடி அகலம் இருக்க வேண்டும் என்கிறோம். ஒரு மூலையில் குஞ்சுச் சட்டி, மறு மூலையில் முட்டைச் சட்டி. உயரமும் ஆழமும் பதினாறு அங்குலம் இருந்தால் போதும்.

இப்போது காற்றைக் கணக்கிடுவோம். பத்து, ஆறு, ஏழு: மொத்தம் 420 கன அடி. ஒரு புறாவுக்கு எட்டு முதல் பத்து கன அடி என்பது பந்தயப் புறா வளர்ப்பவர்கள் கையாளும் அளவு. இருபது ஜோடி போட்டால் பெரியவை நாற்பது, குஞ்சு நாற்பது. தலைக்கு ஐந்து கன அடிதான் மிஞ்சும். பத்து ஜோடி என்றால் எல்லாம் சேர்த்து நாற்பது; பத்து கன அடிக்குக் குறையாது. சுவர் இருபது பெட்டியைத் தாங்கும், காற்று தாங்காது. விடியற்காலையில் கூண்டுக் கதவைத் திறந்ததும் மூக்கை நீட்டிப் பாருங்கள். எச்ச நெடி கண்ணைக் கரித்தால் புறா கூடிவிட்டது என்று பொருள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஜோடிக்கான கூண்டில் எட்டு ஜோடியை அடைத்திருந்தேன். இந்தப் பறவையின் மூதாதைகள் பாறை இடுக்கில் கூடு கட்டியவை. ஒரு மூலை கிடைத்துவிட்டால் ஆண் அதை உயிரைக் கொடுத்துக் காக்கும். மாடத்தில் வாழ்வதைப் பார்த்து மாடப்புறா என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். முரட்டு ஆண் ஒன்று இரண்டு பெட்டியை வளைத்துக்கொண்டது. ஒரு காலையில் பக்கத்துப் பெட்டிக்குத் தவறிப்போன குஞ்சின் உச்சந்தலையில் தோலே இல்லை. மஞ்சள் பூசிப் பார்த்தும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பத்து ஜோடிக்குப் பன்னிரண்டு பெட்டி வைக்கச் சொல்கிறேன். தோற்றுப்போன ஜோடி ஒதுங்குவதற்கு இரண்டு பெட்டி காலியாக இருந்தே தீர வேண்டும்.

நம் ஊருக்கென்று சில சங்கதிகளும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அறையும். மேற்குச் சுவரை அடைத்துவிட்டு, கிழக்கே வாசல் வைக்க வேண்டும். ஷீட் கூரைக்கு அடியில் சூடு வெளியேற இடைவெளி வேண்டும். கூட்டுக்குப் பனியன் வேஸ்ட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்தம் நின்று விரலே கழன்று விழும். பாரிஸ் நகரப் புறாக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, முடிதிருத்தும் கடைகள் அதிகமுள்ள பகுதிகளில் விரல் இழந்த புறாக்களும் அதிகம் என்றது. அங்கே முடி என்றால் இங்கே நூல். தென்னந்துடைப்பக் குச்சியையோ வேப்பங்குச்சியையோ ஒடித்துப் போட்டால் அவையே அழகாக அடுக்கிக்கொள்ளும்.

நம் நுரையீரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புறா இறகிலிருந்து உதிரும் மாவும் காய்ந்த எச்சத் தூசியும் வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் அழற்சி வரக்கூடும். பகலெல்லாம் பஞ்சுத் தூசியில் இருப்பவர் இரவில் இந்தத் தூசியிலும் குனிந்து சுரண்டுகிறார். கூட்டும்போது மாஸ்க் கட்டாயம். ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய நடுவில் இடமும் கட்டாயம்.

கடைசியாகத் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "இரை எடுக்கப் பழகின குஞ்சுகளை எங்க விடுவீங்க?" பத்து ஜோடி, வருடத்துக்கு மூன்று முறை குஞ்சு எடுத்தாலே அறுபது. அவருக்கு இன்னொரு மாடி கிடையாது. டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போனார்.

இப்போது அவர் கூண்டில் எட்டு ஜோடி இருக்கின்றன. கீழ் வரிசைக்குப் பலகையே அடிக்கவில்லை. போன வாரம் போனபோது, பறக்கத் தெரியாமல் பெட்டியிலிருந்து குதித்துவிட்ட குஞ்சு ஒன்று அந்தக் காலியிடத்தில் சுவரோரமாக ஒண்டியிருந்தது. தகப்பன் புறா கீழே இறங்கி வந்து அதன் வாயில் கம்பை ஊட்டிக்கொண்டிருந்தது.